ஆகாய விமானமும் அடிவானக் கருவியும்

சிறு பருவத்தில் தட்டாமாலை சுற்றி விளையாடாதார் நம்மில் எவரும் இரார். இரு கைகளையும் விரித்து, கண்களை இறுக மூடி, நின்ற இடத்திலேயே பல சுற்றுச் சுற்றிப் பின் சட்டென நின்றால், நின்றுவிட்டோம் என்பதை அறிவு அறியும். உடலோ இன்னும் சுழன்றுகொண்டிருப்பதாகவே சாதிக்கும். கண்ணைத் திறந்து சுவரையோ மரத்தையோ நோக்கிய பின்னரே அம்மயக்கம் தெளியும். இவ்விளையாட்டில் விழுந்தால் முழங்கால் சிராய்க்கும், அவ்வளவே. இதே மயக்கம் மேகத்தினுள் நுழைந்த விமானியைப் பற்றுமாயின், நோக்கித் தெளிதற்கு அவருக்குச் சுவரும் இல்லை, மரமும் இல்லை.

இம்மயக்கத்தின் காரணம் நம் செவியினுள் இருக்கின்றது. உட்செவியில் அரைவட்ட வடிவமான மூன்று நுண்குழாய்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகை நீர்மம் நிறைந்துள்ளது. தலை திரும்பத் தொடங்குங்கால் குழாய் திரும்ப, நீர்மம் சற்றே பின்தங்கும்; அப்பின்தங்கலையே நாம் திரும்புதலாக உணர்கின்றோம். ஒரே வேகத்திற் சிறிதுநேரம் திரும்பிக்கொண்டே இருப்பின் நீர்மமும் குழாயோடு ஒத்துச் செல்லத் தொடங்கிவிடும். அப்பொழுது திரும்புகின்றோம் என்னும் உணர்வே அற்றுப்போகும். மேகத்தினுள் விமானம் இடப்புறம் சாய்ந்து மெல்லத் திரும்புவதாகக் கொள்வோம். விமானி அதனை உணரார். பின்னர் எவ்வாறோ அறிந்து நேர்நிறுத்தினால், வலப்புறம் திரும்புவதாக அவருடல் கூக்குரலிடும். அதனை நம்பி மீண்டும் இடப்புறம் சாய்ப்பார், மூக்குத் தாழும், வேகம் மிகும், தாழ்ந்த மூக்கை நிமிர்த்தக் கைப்பிடியை இழுத்தால் சுழற்சி மேலும் இறுகும். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக் கழகத்தார், கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கும் பயிற்சி பெறாத விமானிகள் இருபதின்மரைச் சோதித்தனர். வெளிக்காட்சி மறைக்கப்பட்ட பின்னர் இருபதின்மரும் விமானத்தின் மீதிருந்த ஆட்சியை இழந்தனர். அதற்காகிய காலம் சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிடங்கூட நிறையவில்லை.

ஆகவே மேகத்தினுள் விமானி தம் உடலை நம்பலாகாது. தம் எதிரேயுள்ள கருவிப் பலகையையே நம்புதல் வேண்டும். அப்பலகையிற் பழையதொரு கருவியை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்துவதாயின், ஆணியைக் கழற்றி ஆணியை முடுக்கும் வேலையாக அதனை எண்ணுதல் கூடாது. விமானி தம் கண்ணுக்கும் செவிக்கும் மேலாக நம்பப்போகும் சாட்சியை மாற்றும் வேலை அது. இக்கட்டுரை அவ்வேலையைப் பற்றியதே.

முதற்கண் அக்கருவி இன்னதென அறிதல் வேண்டும். ஆங்கிலேயர் அதனைச் செயற்கை அடிவானம் என்னும் பொருள்பட வழங்குவர். வட்டமான முகத்தின் மேற்பாதி நீலம், கீழ்ப்பாதி பழுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. நீலம் வானம், பழுப்பு மண், கோடு அடிவானம். அதன் முன் சிறிய விமானவடிவம் ஒன்று அசையாது நிற்கும். விமானம் சாய்ந்தால் கோடு சாயும். மூக்கு எழுந்தால் கோடு தாழும். நாம் தொடுவானம் என்றும் அடிவானம் என்றும் இரு சொற்களை ஒரு பொருட்கே வழங்குகின்றோம். கண்ணுக்கு எட்டாத இடத்தில் வானம் மண்ணைத் தொடுவது போன்ற தோற்றத்தை முன்னது உணர்த்தும். விமானிக்கு வேண்டுவது அத்தோற்றமன்று. சாயாத அடிக்கோடு ஒன்றே வேண்டும். ஆதலின் அடிவானம் என்னும் சொல்லே இக்கருவிக்கு ஏற்றதென்பது என் கருத்து.

பழைய அடிவானக் கருவியின் உயிர் ஒரு பம்பரம். கயிறு சுற்றி விட்ட பம்பரம் வேகமாகச் சுழலுமளவும் தன் அச்சை விட்டுக் கொடாது நிற்பதைத் தெருவில் விளையாடும் சிறுவனும் அறிவான். அவ்வியல்பே இங்கும் பயன்படுகின்றது. எஞ்சினால் இயங்கும் ஓர் உறிஞ்சு பம்பு கருவிப் பெட்டியிலிருந்து காற்றை இழுக்க, உள்ளே பாயும் காற்று சக்கரத்தின் விளிம்பிலுள்ள பள்ளங்களில் மோதி அதனைச் சுழற்றுகின்றது. விமானம் எப்புறம் சாயினும் சக்கரத்தின் அச்சு சாயாது. அதனோடு பிணைந்த கோடும் சாயாது. கோடு சாய்வதாக நாம் காண்பது விமானம் சாய்வதையே.

இக்கருவி முதன்முதலாகத் தன் தகுதியைக் காட்டியதும் ஒரு சிறு விமானத்தின் பலகையிலேதான். 1929ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள், நியூயார்க்கையடுத்த லாங் தீவிலுள்ள மிட்செல் விமான நிலையத்தில், ஜேம்ஸ் டூலிட்டில் என்னும் படைத்துறை விமானி, கன்சாலிடேட்டட் என்ஒய்-2 என்னும் ஈரடுக்குச் சிறகு விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்தார். வெளியே ஒன்றும் தெரியாவண்ணம் அவ்விருக்கை துணிக்கூண்டால் மூடப்பட்டது. முன்னிருக்கையிற் பென்ஜமின் கெல்சி என்பவர், இடர் நேரிற் காக்கும்பொருட்டு மட்டும் உடன் சென்றார். டூலிட்டில் அங்ஙனமே எழுந்து, பறந்து, சுற்றி வந்து, இறங்கினார். பறப்பு நிகழ்ந்தது ஏறத்தாழப் பதினைந்து நிமிடம். கெல்சியின் உதவி தேவைப்படவில்லை.

டூலிட்டிலின் துணிவையே பலரும் பாராட்டுவர். அதற்கு முன் நிகழ்ந்த பலகை வேலையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. குக்கன்ஹைம் அறநிதியின் பொருளுதவியால் மாதக்கணக்கில் அவ்வேலை நடந்தது. ஸ்பெரி நிறுவனத்தார் செய்தளித்த அடிவானக் கருவியும் திசைச்சுழலியும் பலகையிற் பொருத்தப்பட்டன. பால் கோல்ஸ்மன் என்பவர் ஆக்கிய உயரமானியும் பொருத்தப்பட்டது. அதுகாறும் இருந்த உயரமானிகளினும் அது பன்மடங்கு நுண்மையுடையது. வானொலி அலையின் வழியே செல்கின்றோமா எனக் காட்டும் அதிர்நாக்குக் கருவியும் சேர்க்கப்பட்டது. ஒரு கருவி காட்டுவதை மற்றொன்று உறுதி செய்தல் வேண்டும் என்பதே ஏற்பாட்டின் உட்கருத்து. டூலிட்டில் 1925இல் மாசசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். விமானிகளுட் சிலர் நூலறிவை இகழ்ந்த காலம் அது.

நிற்க. இன்று இக்கருவி மாற்றம் பெரும்பாலும் நிகழ்வது செஸ்னா 172 போன்ற நான்கிருக்கை விமானங்களில். 1956 முதல் விற்பனைக்கு வந்த இவ்வினத்தில் நாற்பத்து நாலாயிரத்திற்கு மேற்பட்டவை செய்யப்பட்டுள்ளன. அவற்றுட் பல அரை நூற்றாண்டு வயதுடையன. உடல் நன்றாயிருக்க, பலகையிலுள்ள பம்பரமும் அதனைச் சுழற்றும் பம்புமே தேய்கின்றன. உலர் பம்பின் உள்ளே கரியாலாகிய தகடுகள் உள்ளன. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும் இயல்பின. பம்பு நொறுங்கினும் பம்பரம் உடனே நிற்பதில்லை. வேகம் குறையக் குறைய மெல்லச் சாயும். தீமை இங்கேதான். கருவி இறந்துபட்டால் விமானி அறிந்துகொள்வார். மெல்லப் பொய் சொல்லத் தொடங்கினால் அப்பொய்யையே பின்பற்றிச் சாய்வார்.

புதிய கருவியில் பம்பரமே இல்லை. கார்மின் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட ஜி-5 என்பதை எடுத்துக்கொள்வோம். சிலிக்கனிற் செய்த மிக நுண்ணிய உணரிகள் சாய்வையும் திரும்புதலையும் அறிந்து கணக்கிட, சிறு திரையில் அடிவானம் தோன்றுகின்றது. உறிஞ்சு பம்பு வேண்டுவதில்லை, மின்சாரம் போதும். விமானத்தின் மின்சாரம் அறுந்தாலும் நான்கு மணி நேரம் வரையிற் காக்க வல்ல மின்கலம் உடன் உண்டு. பழைய கருவி இருந்த அதே துளையில் இதுவும் அமையும். அத்துளையின் விட்டம் 3⅛ அங்குலம். நம் பழைய வாய்பாட்டின்படி மூன்றே அரைக்கால். அமெரிக்கர் வகுத்த அளவுக்கு நம் அரைக்கால் இத்துணைப் பொருத்தமாக வந்து வாய்த்தது எனக்கு வேடிக்கையாயிருந்தது.

துளை பொருந்துகின்றது என்பதால் வேலை எளிதென எண்ணுதல் பெரும்பிழை. விமானத்தின் ஒவ்வோர் இனமும் அரசினரால் ஆராயப்பெற்று ஒப்புக்கொள்ளப்பட்ட வடிவத்தையுடையது. அவ்வடிவத்தை மாற்றுதற்குத் துணைச்சான்று வேண்டும். இன்ன கருவியை இன்னின்ன விமானங்களில் இன்னவாறு பொருத்தலாம் என்னும் ஒப்புதல் அதில் இருக்கும். உரிமையாளர் தம் விருப்பம்போல் துளையிட்டு மாட்டிக்கொள்ள அமெரிக்க விதி இடந்தருவதில்லை. சான்று பெற்ற கம்மியர் வேலையைச் செய்தல் வேண்டும். ஆய்வுரிமை பெற்றவர் பார்த்து ஒப்பமிடுதலும் வேண்டும். கம்மியர் என்பது சங்கநூல்களிற் பயிலும் சொல். தொழிற்பயிற்சி நிலையங்களில் இன்றும் அச்சொல் வழங்குவது மகிழ்ச்சிக்குரியது. இக்கட்டுரையிலும் அதனையே ஆளுவேன்.

எந்த இடத்திற் பொருத்துவது என்பதே அடுத்த கேள்வி. 1937இல் பிரிட்டிஷ் ஆகாயப்படையினர் ஆறு கருவிகளைக் குறித்த ஒரு முறையில் எல்லா விமானங்களிலும் அமைக்கத் தொடங்கினர். ஒரு விமானத்திற் பழகிய கண், மற்றொன்றிலும் தேடாமற் காண்பதற்காகவே. விமானிக்கு நேரே, மேல்வரிசையின் நடுவில் அடிவானம். இவ்விடத்தின் அருமையை 2000ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் நிகழ்ந்த ஒரு விபத்து புலப்படுத்தும். அமெரிக்காவின் மிசௌரி மாநில ஆளுநர் மெல் கார்னகன், தம் மகன் ஓட்டிய செஸ்னா 335 விமானத்தில் இரவில், மேகத்திற் சென்றார். இடப்புறத்திலிருந்த முதன்மை அடிவானக் கருவி பழுதுற்றது. வலப்புறம் மற்றொன்று இருந்தது. அதனை நோக்கி ஓட்ட முயல்வதாக விமானி வானொலியில் அறிவித்தார். ஆயினும் திசைமயக்கத்தால் விமானம் விழுந்து, உள்ளிருந்த மூவரும் மாண்டனர். இரண்டாவது கருவி இல்லாமையால் வந்த கேடன்று இது. இருந்தும், மேகத்தினுட் கழுத்தைத் திருப்பிப் பக்கத்துக் கருவியை நோக்குதல், செவியின் மயக்கத்தைத் தானே வலிந்து வரவழைப்பதாகும். ஆதலின் புதிய கருவி பழையதன் இடத்திலேயே அமைதல் வேண்டும். பழையதை நன்னிலையில் இருப்பின் விடாது, துணைச்சாட்சியாக வேறிடத்தில் வைக்க விரும்புவோர், அது கண் எட்டும் தொலைவில் உள்ளதா என முதலிற் பார்த்தல் நலம். மின்சாரத்தால் இயங்கும் திரும்பல் காட்டியை நீக்காது நிறுத்துதலே எளிய காப்பென்பது என் எண்ணம்.

இனி வேலையைக் காண்போம். முதலில் மின்கலத்தின் இணைப்பு அறுக்கப்படும். முன்னிருக்கைகள் வெளியே எடுக்கப்படும். கம்மியர் மல்லாந்து படுத்து, கால்மிதிகளின் பக்கம் தலையை நுழைத்து, கையிலொரு விளக்குடன் பலகையின் பின்புறத்தை அண்ணாந்து நோக்குவார். முன்னிருந்து காண அழகாகத் தோன்றும் பலகை, பின்னிருந்து காண ஆலமரத்து விழுதுகளைப் போன்றது: குழாய்கள், கம்பிகள், அவற்றுக்கிடையே முன்னும் பின்னும் நகரும் கைப்பிடித் தண்டு. எதனைக் கழற்றுமுன்னும் அதற்கொரு பெயர்ச்சீட்டுக் கட்டுதல் நல்ல கம்மியரின் அடையாளம். இரண்டு குழாய்களை மாற்றிப் பூட்டிவிட்டால் அந்தப் பிழையை முன்புறத்திலிருந்து கண்டுபிடிக்க இயலாது. கருவிதான் தாறுமாறாகப் பேசும்.

கைப்பிடித் தண்டைப் பற்றி ஒரு சொல். புதிய கருவியின் பின்னே ஒரு கம்பிக்கற்றை தொங்குமாயின், தரையில் நிற்கும்பொழுது தீங்கில்லை. இறங்குங்கால் விமானி கைப்பிடியை முழுதும் இழுக்கும்போது அக்கற்றை தண்டிற் சிக்கினால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே கம்பிகள் சேர்த்துக் கட்டப்பட்டு, கைப்பிடி முன்னும் பின்னும் இருபுறமும் எல்லைவரை அசைத்துப் பார்க்கப்படுகின்றது. கருவிக்கெனத் தனியொரு மின்காப்பு விசையும் அமைக்கப்படுகின்றது.

கம்பிகளினும் குழாய்களே எனக்கு அச்சம் தருவன. விமானத்தின் உயரம் காற்றின் அழுத்தத்தாலேயே அறியப்படுகின்றது. உடலின் பக்கத்திலுள்ள ஒரு சிறு துளை வெளிக்காற்றின் அமைதியான அழுத்தத்தை உட்கொண்டு, மெல்லிய குழாயின் வழியே உயரமானிக்கும் வேகமானிக்கும் அனுப்பும். சிறகின்கீழ் முன்னோக்கிய மற்றொரு குழாய் எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்கு அனுப்பும். புதிய கருவி தன் திரையில் வேகத்தையும் உயரத்தையும் காட்டுவதால், இவ்விரு குழாய்களிலும் மும்முனை இணைப்பு இட்டு அதற்கும் ஒரு கிளை கொடுத்தல் வேண்டும். அமைதிக் குழாயில் மயிரிழையளவு கசிவு நேர்ந்தாலும், வெளிக்காற்றுக்குப் பதிலாக அறையினுட் காற்று புகும். பறக்குங்கால் அறையினுள் அழுத்தம் வெளியினும் சற்றுக் குறைந்திருத்தல் இயல்பு. குறைந்த அழுத்தத்தை உயரமானி மிகுந்த உயரமாகக் கொள்ளும். அஃதாவது, விமானம் உண்மையில் இருக்குமிடத்தினும் உயரத்தில் இருப்பதாக அது சொல்லும். மலைகளுக்கிடையே மேகத்திற் செல்பவருக்கு இதனினும் கொடிய பொய் வேறில்லை.

இதற்கொரு சோதனை உண்டு. துளையில் உறிஞ்சியை வைத்து, உயரமானி தரையினும் ஆயிரம் அடி மிகுதியாகக் காட்டுமளவும் காற்றை இழுத்து மூடிவிடுவர். ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தால் முள் நூறு அடிக்கு மேல் இறங்கியிருத்தலாகாது. இறங்கினால் கம்மியர் மீண்டும் மல்லாந்து படுக்கவேண்டியதுதான். கருவிகொண்டு பறக்கும் அமெரிக்க விமானங்களுக்கு 24 திங்களுக்கு ஒருமுறை இவ்வாய்வு உண்டு. இடையில் அக்குழாயைத் திறந்து மூடினாலும் உண்டு.

சோதனை முடிந்தபின் துளையை மூடியவற்றை எடுத்தார்களா என்பதையும் பார்த்தல் வேண்டும். இது சிறு செய்தியன்று. 1996ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து இரவில் எழுந்த போயிங் 757 விமானமொன்றில், கழுவும்பொழுது அத்துளைகளின்மேல் ஒட்டிய நாடா நீக்கப்படாமலே இருந்தது. உயரமும் வேகமும் பொய்யாயின. இருளிற் கடலின்மேல் திகைத்துத் திரிந்த அவ்விமானம் கடலில் வீழ, அதிலிருந்த எழுபதின்மரும் மாண்டனர். பெரிய விமானம், சிறிய விமானம் என்னும் வேறுபாடு நாடாவுக்குத் தெரியாது.

பின்னர்க் கருவிக்கு மட்டம் கற்பித்தல். விமானம் தன் மூன்று சக்கரங்களில் நிற்கும் நிலை பறக்கும்போதுள்ள மட்டமன்று. பலகையும் சில விமானங்களிற் சற்றே மல்லாந்திருக்கும். புதிய கருவியை அப்படியே மாட்டி மின்சாரம் கொடுத்தால், மூக்கின் நிலையை அது என்றும் பிழையாகவே காட்டும். செஸ்னா 172இன் வாற்பகுதியில் இடப்புறம் இரண்டு திருகாணிகள் இதற்கென்றே உள்ளன. அவற்றின்மேல் இரசமட்டத்தை வைத்துப் பார்த்து, மட்டம் வருமளவும் முன்சக்கரத்தின் காற்றைச் சிறிது சிறிதாக இறக்குவர். கொத்தனார் சுவரெடுக்குங்கால் வைக்கும் அதே இரசமட்டந்தான். இத்துணை நுண்ணிய உணரிகளுக்கும் இறுதியில் இது மட்டம் எனச் சொல்லிக் கொடுப்பது ஒரு குமிழி என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகின்றது.

எடைக்கணக்கு விரைவில் முடிவது. கழற்றிய பம்பும் பம்பரமும் குழாய்களும் எத்தனை இராத்தல், பூட்டியவை எத்தனை இராத்தல், அவை எவ்விடத்தில் அமைந்தன என்று கணக்கிட்டு, விமானத்தின் வெற்றெடையும் எடைமையமும் ஏட்டில் திருத்தப்படும்.

காந்தத் திசைகாட்டியின் வேலை அத்துணை விரைவில் முடிவதன்று. கண்ணாடியின் நடுவிலிருக்கும் அப்பழைய கருவியை ஒருவரும் தொடவில்லை. எனினும் அருகே புதிய மின்கருவி வந்தமையால் அதன் முள் விலகியிருக்கலாம். ஆகவே விமானத்தை வெளியே கொணர்ந்து, எஞ்சினை ஓட்டி, கருவிகளையெல்லாம் இயக்கியபடியே, 30 பாகைக்கு ஒருமுறை நிறுத்தி, உண்மைத் திசைக்கும் முள்ளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பர். பத்துப் பாகைக்கு மேல் விலகல் கூடாது. எஞ்சிய விலகலைச் சிறியதோர் அட்டையில் எழுதித் திசைகாட்டியின் அடியிற் செருகுவர்.

முதற்பறப்பு தெளிந்த வானில், பகலில். விமானி இடமும் வலமுமாகச் சாய்த்து, வெளியே தோன்றும் அடிவானத்தையும் திரையிற் காணும் அடிவானத்தையும் மாறிமாறி நோக்குகின்றார். அவை ஒத்திருப்பினும் உடனே மேகத்தினுட் புகுதல் அறிவுடைமையாகாது. முப்பதாண்டு முள்ளை நோக்கிப் பழகிய கண்ணுக்கு, எண்கள் ஓடும் திரையைப் படிக்கச் சிலகாலம் வேண்டும். அதற்காக, வெளிக்காட்சியை மறைக்கும் முகமறைப்பை அணிந்து அவர் பழகுகின்றார். அவ்வாறு பழகுங்கால் மற்ற இருக்கையில் உரிமம் பெற்ற வேறொரு விமானி அமர்ந்து வெளியே நோக்கிக் கொண்டிருத்தல் வேண்டுமென்பது விதி. அன்று கெல்சி அமர்ந்திருந்தது போலவே அவரும் கைப்பிடியைத் தொடாது அமர்ந்திருக்கின்றார்.